மலையுச்சி மண்சாலையில் வண்டி ஓட்டுதல்: ஏறும்போதே இறக்கத்தை எண்ணுங்கள்

மலையுச்சிக்குப் போகும் மண்சாலையில் வண்டியை எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: என் வண்டி இதில் ஏறுமா? அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏறிய வண்டி அதே வழியில், அதே சரிவில், ஓட்டுபவரின் கட்டுப்பாட்டை விட்டு விலகாமல் இறங்குமா? ஏற்றத்தில் டயரின் பிடி தளர்ந்தால் வண்டி வேகம் குறைந்து நின்றுவிடும். இறக்கத்தில் பிடி தளர்ந்தால் வண்டி வேகமெடுக்கும். ஏறும்போது நமக்கு எதிராக நின்று தவறுகளின் வேகத்தைக் குறைத்துத் தரும் புவியீர்ப்பு, இறங்கும்போது அதே தவறுகளைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. ஆகவே, கீழே ஏற்றத்தைப் பற்றிச் சொல்லியிருப்பவை அனைத்தையும் இறக்கத்தை மனத்தில் வைத்தே படிக்க வேண்டுகிறேன்.

சரிவின் அளவை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 10 சதவீதச் சரிவு என்றால், கிடைமட்டமாக 100 மீட்டர் முன்னேறும்போது சாலை 10 மீட்டர் உயர்கிறது என்று பொருள். 100 சதவீதம் என்பது செங்குத்துச் சுவர் அன்று. அது 45 டிகிரிதான். 20 சதவீதம் என்பது கோணத்தில் ஏறக்குறைய 11 டிகிரி. காகிதத்தில் மிகச் சிறியதாகத் தெரியும் இந்தக் கோணம், உதிரிக் கற்கள் கிடக்கும் ஈர மண்ணில் ஒரு சாதாரணக் காரின் சக்கரங்களைச் சுழலவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்தப் போதுமானது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா மலையில் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் நிலையத்துக்கு மேலே ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரங்களும் விசை பெற்று இயங்கும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாயிலும், 2,876 மீட்டர் உயரமுள்ள அதன் முகட்டை அடைய, அதே விதிதான். இத்தகைய விதிகளைத் திறமையின் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லோ ரேஞ்ச், அதாவது வண்டியை மிக மெதுவாக ஊரவைக்கும் கூடுதல் தாழ்ந்த கியர் அமைப்பு, இல்லாத வண்டி எப்படியோ மேலே போய்விட்டாலும், திரும்பி வரும்போது முழுக்க முழுக்க பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும் என்ற கவலை இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

வண்டியும் அதன் நிலையும்

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஜினின் குதிரைத்திறனுக்குத் தரப்படும் மதிப்பு அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. இங்கே முதலில் தேவைப்படுவது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரம். அடுத்தது, மிக மெதுவாக ஊர்ந்து செல்ல உதவும் தாழ்ந்த கியர். லோ ரேஞ்ச் உள்ள வண்டியில் அதைப் போட்டதும், அதே என்ஜின் வேகத்தில் வண்டியின் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, சக்கரங்களுக்குப் போகும் திருப்புவிசை அதற்கேற்பப் பெருகும். ஏறும்போது இது வலிமையாகத் தெரியும். இறங்கும்போது இதுவே பிரேக்காக வேலை செய்யும். எனவே ஒரே வண்டியில் இரண்டு பயன்களையும் தரும் இந்த வசதியை வேறு எந்த வசதியாலும் ஈடுசெய்ய முடியாது.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் சில வண்டிகள் ஏன் சிறு பள்ளத்தில் தடுமாறுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியலின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். சாதாரண டிஃபரென்ஷியல் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கும்போது அதைச் சுழற்ற ஏறத்தாழ எந்த விசையும் தேவையில்லை என்பதால், தரையை நன்றாகப் பிடித்திருக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கிறது. டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள வண்டிகள் சுழலும் சக்கரத்தைத் தாமாகவே பிரேக் பிடித்து நிறுத்தி மறுபக்கத்துக்கு விசையை அனுப்பிவைக்கும். அதற்குச் சற்று நேரம் ஆகும். ஆகவே சக்கரம் சுழலும் ஓசை கேட்டவுடன் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடாமலும், மேலும் அழுத்தாமலும், அதே அளவில் ஓரிரு நொடிகள் பிடித்திருக்க வேண்டும்.

முன் சக்கரங்களால் மட்டும் இயங்கும் கார்கள் செங்குத்தான ஏற்றத்தில் கூடுதலாகச் சிரமப்படும். சரிவில் வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால், இழுக்க வேண்டிய முன் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. இத்தகைய காரில் போகிறவர்கள் சாலையின் செங்குத்தான பகுதி எங்கே இருக்கிறது என்பதை முன்பே விசாரித்து அறிந்து, அது ஈரமாக இருந்தால் போகாமலிருப்பதே சரி.

பிரேக்கை மட்டும் மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பவே கூடாது. பேடும் டிஸ்க்கும் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பிரேக் ஆயில் கெட்டிருப்பது தெரியாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமலிருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் முறையே 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்துவிட்டால், குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழ்களை அமுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும். ஈராண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்று பல வண்டிகளின் கையேடு சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால், மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

டயரின் காற்றைப் பற்றி ஒரு பொதுவான அளவைச் சொல்ல முடியும். வழக்கமான அழுத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கைக் குறைத்தால், அதாவது 32 பி.எஸ்.ஐ. வைக்கும் இடத்தில் 24 அல்லது 25 வைத்தால், டயர் சற்றே தட்டையாகி மண்ணைப் பரவலாகப் பிடிக்கும். கூர்மையான கல்லின் மேல் ஏறும்போது விறைத்து நிற்காமல் கல்லைத் தழுவிக்கொண்டு போகும். உள்ளே இருப்பவர்களின் முதுகும் பிழைக்கும். ஆனால் இப்படிக் காற்றைக் குறைத்த டயரில் வேகம் போகக் கூடாது, வளைவை வெட்டித் திருப்பக் கூடாது. மீண்டும் தார்ச்சாலையைத் தொட்டதும் காற்றை நிரப்பியாக வேண்டும். காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் அளவு பார்க்கும் கருவியும் உங்களிடம் இல்லையென்றால், காற்றைக் குறைக்கும் யோசனையையே கைவிட்டுவிடுங்கள். டயர் சூடாக இருக்கும்போது அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாமான்களைக் கூரையின் மேல் கட்டாதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்த சாலையில் கூரையின் மேலுள்ள ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கும் பக்கமாகவே இழுக்கும். கனமானவற்றைத் தரைமட்டத்தில், பின் இருக்கையை ஒட்டி வைத்து, நகராதபடி கட்டுங்கள். எரிபொருளைப் பொறுத்தவரை, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் தூரத்துக்குச் சமவெளியில் ஆவதைப்போல இருமடங்கு கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. காற்று நிறைந்த முழு அளவு ஸ்டெப்னி, ஜாக்கி, அதன் அடியில் வைக்க ஒரு தட்டையான பலகை, வீல் ஸ்பேனர், இழுவைக் கயிறு, மண்வெட்டி, டார்ச், தேவைக்கு மேல் குடிநீர், கம்பளி, கைபேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம் ஆகியவை இருந்தால் போதும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை உடன் வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரத்தைத் தீர்மானிப்பதும் ஏற்பாட்டின் பகுதிதான். வெப்பமான மாதங்களில் மலைகளில் பிற்பகலில் மேகம் திரண்டு இடி மின்னலுடன் மழை பெய்வது வழக்கம். அதிகாலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கினால், உலர்ந்த சாலையில் இறங்கும் வாய்ப்பு கூடும். ஏறும்போது காய்ந்திருந்த களிமண் சாலை அரை மணி நேர மழையில் முற்றிலும் வேறு சாலையாகிவிடும்.

ஏற்றம்

ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கியரைத் தீர்மானித்துவிடுங்கள். சரிவின் நடுவில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால், அந்த ஒரு நொடியில் வண்டி தன் வேகத்தை இழந்துவிடும். மீண்டும் விசை வந்து சேரும்போது சக்கரம் சுழலத் தொடங்கும். முதல் கியரா, இரண்டாம் கியரா என்ற ஐயம் வந்தால் தாழ்ந்ததையே எடுங்கள். லோ ரேஞ்சை நின்ற நிலையில், அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யில் விட்டுவிடாமல், எல், 1, 2 அல்லது எம் என்று குறிக்கப்பட்டிருக்கும் நிலையில் வைத்து, கியர் தானாக மேலே போகாதபடி பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்திருங்கள். நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகம் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்; வேகம் கூடினால் டயர் கற்களின் மேல் துள்ளும், துள்ளும் டயருக்குப் பிடி கிடையாது.

மேனுவல் வண்டியில் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற்றத்தில் நிற்பதும் நகர்வதும் சில நிமிடங்களிலேயே கிளட்ச் தட்டைக் கருக்கிவிடும். நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் ஆக்சிலரேட்டரை மட்டும் இலேசாக மிதித்து ஏற்றத்தில் தாங்கி நிற்பது இதே கேட்டைச் செய்யும்.

சாலையைப் படிக்கும் பழக்கம்தான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. பார்வையை பானெட்டின் நுனியில் வைக்காமல், பத்து, பதினைந்து மீட்டர் முன்னால் வைத்து, ஒவ்வொரு சக்கரமும் எதன் மேல் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மழைநீர் அரித்த வாய்க்கால் சாலையின் குறுக்கே சாய்வாக ஓடுவதைக் கண்டால், நான்கு சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கடக்குமாறு ஒரு கோணத்தில் போங்கள். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் இறங்கினால் அடிப்பாகம் இடிக்கும். வாய்க்கால் சாலையின் நீளவாக்கில் ஓடினால், ஒரு பக்கச் சக்கரங்களை இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவிலுள்ள மேட்டிலும் மறுபக்கச் சக்கரங்களை ஓரத்து மேட்டிலும் ஏற்றி ஓட்டுங்கள். நடுவில் துருத்தி நிற்கும் கல்லை வண்டிக்கு அடியில் விட்டுக் கடப்பது பலருடைய இயல்பு. அதுவே என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பை உடைக்கும் வழி. அந்தக் கல் உறுதியாகப் பதிந்திருந்தால் டயரை அதன் மேல் ஏற்றிவிடுங்கள். டயர் ஏறியதும் வண்டியும் சேர்ந்து உயர்ந்து கல்லிலிருந்து விலகிவிடும். டயரின் நடுப்பகுதி கல்லைத் தாங்கும், பக்கச் சுவர் தாங்காது. ஆகவே கல்லை ஓரத்தால் உரசிக்கொண்டு போகாதீர்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். டயர்கள் ஏறி ஏறி இறுகிய தடம் சற்றுப் பளபளப்பாக, உதிரிக் கல் இல்லாமல் இருக்கும். புதிதாகச் சரிந்து விழுந்த மண், சுற்றியுள்ள மண்ணைவிடக் கருத்து ஈரமாகத் தெரியும். அதன் மேல் புல்லோ தூசியோ படிந்திருக்காது. பள்ளத்தாக்குப் பக்கத்து விளிம்பில் அப்படிப்பட்ட மண்ணோ, விளிம்புக்கு இணையாக ஓடும் மெல்லிய வெடிப்போ தெரிந்தால், அங்கே சாலைக்கு அடியில் ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம். அந்தப் பக்கத்தை ஒரு டயரின் அகலத்துக்குக்கூட நம்பாதீர்கள். பொதுவாகவே மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி ஓட்டுவது மேல். அந்தப் பக்கத்து வடிகாலில் சக்கரம் இறங்கினாலும் வண்டி அங்கேயே நிற்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பாருங்கள். நடந்து பார்க்கத் தயங்கும் இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஓடை குறுக்கிட்டால் ஆழத்தைக் கோலால் அளந்து, தண்ணீர் சக்கரத்தின் மையத்தைத் தொடும் என்றால் அல்லது நீரோட்டம் காலை இழுக்கும் என்றால், அன்றைய பயணம் அங்கேயே முடிகிறது.

கொண்டை ஊசி வளைவை அடையும் முன்பே ஹாரன் அடித்து, முடிந்தவரை வெளிப்பக்கமாகச் சென்று, பின் சக்கரம் உள்விளிம்பை வெட்டிக்கொண்டு வரும் என்பதை நினைவில் வைத்துத் திருப்புங்கள். உள்விளிம்பு எப்போதும் வளைவின் மிகச் செங்குத்தான கோடு. அகலமாகப் போனால் அதே உயரத்தை நீண்ட தூரத்தில் ஏறுகிறீர்கள். ஒரே மூச்சில் திரும்ப முடியாத வளைவில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தால், உடன் வருபவர் ஒருவர் கீழே இறங்கி, ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில், வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் சிக்காமல் நின்று வழிகாட்ட வேண்டும். வழிகாட்டுபவர் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து கத்தினால் ஓட்டுபவர் யாரையும் கேட்க மாட்டார்.

எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதே பல நாடுகளின் விதி. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். தவிர, அது பின்னால் போக வேண்டுமென்றால் இறக்கத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இறங்கும் வண்டி ரிவர்ஸ் எடுத்தால் ஏற்றத்தில் போகும், வேகமும் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆயினும், ஒதுங்கும் இடம் உங்களுக்குப் பத்து மீட்டர் பின்னாலும் எதிராளிக்கு நூறு மீட்டர் பின்னாலும் இருக்கும்போது விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அறிவாகாது. கடந்துவந்த ஒதுங்குமிடங்களை மனத்தில் குறித்துக்கொண்டே ஏறுங்கள். இறங்கும்போதும் அவையே பயன்படும். முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுங்கள்.

ஏறமுடியாமல் வண்டி நடுச்சரிவில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் அந்த இடத்தில் யோசிக்க நேரம் இருக்காது. முதலில் கால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுங்கள். என்ஜின் அணைந்திருந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஆகவே பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் தொடர்ந்து மிதித்தபடியே கிளட்சை அமுக்கி என்ஜினைக் கிளப்புங்கள். ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்தியபடியே கிளட்சை முழுவதும் விட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்திருக்கும்படி நேர்கோட்டில் பின்னால் இறங்குங்கள். கிளட்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ ஒருபோதும் பின்னால் உருளவிடாதீர்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, சரிவிலேயே வண்டியைத் திருப்பிவிடலாம் என்று ஸ்டியரிங்கை ஒடிக்காமலிருப்பது. சரிவுக்குக் குறுக்காக நின்ற வண்டி பக்கவாட்டில் கவிழும். நேராக நின்ற வண்டி அவ்வளவு எளிதில் கவிழாது.

உயரம் கூடக் கூட என்ஜின் தளர்வது பழுதன்று. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது, ஏனெனில் காற்றின் அடர்த்தி குறைகிறது. மெதுவான வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்றும் குறைவாகவே போகும். வெப்பமானியின் முள் உயரத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள்; அது என்ஜினின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் சமமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

உச்சியில்

காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். நீண்ட ஏற்றத்துக்குப் பின் வண்டியின் அடியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் புல்லைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, உருண்டால் மலைச்சுவரில் முட்டுமாறு முன் சக்கரங்களைத் திருப்பி, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதால் அடிவாரத்து உடையோடு உச்சியில் நிற்க முடியாது. 2,500 மீட்டருக்கு மேலே விரைவாக ஏறியவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரக்கூடும். மௌனா கியாவில் மேலே போகும் முன் பார்வையாளர் நிலையத்தில் குறைந்தது அரை மணி நேரம் தங்கி உடலைப் பழக்கச் சொல்கிறார்கள். ஓட்டுபவருக்கே தலை சுற்றினால் அது பயணிக்கு வரும் தலைசுற்றலைப்போல அன்று. வேறு ஒருவர் ஓட்டி உடனே கீழே இறங்க வேண்டும். இடி கேட்டால் காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வண்டிக்குள் ஏறி, கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ளுங்கள்; உலோகக் கூரையுள்ள மூடிய வண்டி மின்னலிலிருந்து நல்ல பாதுகாப்பு.

காட்சியை நிதானமாக, முழுதாக அனுபவியுங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறி நிறுத்தியிருக்கிறீர்கள். இறங்கத் தொடங்கும் முன் பிரேக் பெடலை மிதித்து அதன் இறுக்கத்தைக் காலால் உணர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அது மாறுகிறதா என்று ஒப்பிட இந்த நினைவு தேவைப்படும்.

இறக்கம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1.47 கோடி ஜூல். இதை முழுவதும் பிரேக்கிலேயே செலவிட்டால், 30 டிகிரியிலுள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் நான்கு சிறிய டிஸ்க்குகளில் இறங்குகிறது. இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேறொன்று தேவை. அதுதான் என்ஜின்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய அறிவுரை. செங்குத்தான மண்சாலையில் நான் அதிலும் ஒரு படி குறைத்துச் சொல்வேன்: இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியரில் இறங்குங்கள். லோ ரேஞ்ச் முதல் கியரில் வண்டி, பிரேக்கில் கால் படாமலேயே, மனிதர் நடக்கும் வேகத்தில் இறங்கும். நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்களில், கியரில் இருக்கும் வண்டி ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படாமல் இறங்கும்போது எரிபொருள் பாய்வது அநேகமாக முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். நியூட்ரலால் மிச்சமாவது எதுவுமில்லை, பறிபோவது கட்டுப்பாடு. மின்சார வண்டியில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை நிரப்பும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த உதவி குறைந்துபோகும் என்பதை அறிந்திருங்கள்.

தாழ்ந்த கியரிலும் வேகம் கூடினால் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும். மெல்ல மிதித்தபடியே நெடுந்தூரம் போகாதீர்கள். நேரான, கல் குறைந்த இடத்தில் உறுதியாக மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் ஆற அந்த இடைவெளி உதவும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, வளைவில் ஸ்டியரிங்கை மட்டும் கவனியுங்கள். உதிரிக் கல்லில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வண்டியை நிறுத்த எடுத்துக்கொள்ளும் தூரம், சக்கரம் பூட்டிக்கொண்டு கல்லை முன்னால் குவித்து நிற்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அதற்குப் பதிலாக, திசை திருப்பும் ஆற்றல் உங்கள் கையில் இருக்கும். ஆகவே பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல், வண்டியைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்புங்கள். பின்பகுதி ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை விட்டு, முன் சக்கரங்களைச் சரிவின் நேர்திசைக்குத் திருப்பி, மிகச் சிறிதளவு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பயம் இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்லும்.

இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கண்ட்ரோல் நல்ல வசதிதான், குறிப்பாகக் குட்டையான, மிகச் செங்குத்தான இறக்கத்தில். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அது சக்கரப் பிரேக்குகளையே தானாக இயக்குகிறது என்பதால், நீண்ட இறக்கத்தில் அதை மட்டும் நம்பினால் நீங்களே மிதித்தது போலத்தான் பிரேக் சூடேறும். தாழ்ந்த கியரையும் அதையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

எரிந்த வாடை, பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது, பஞ்சுபோல் மிருதுவாவது, ஒரே வேகத்துக்கு மேலும் மேலும் அழுத்தி மிதிக்க வேண்டியிருப்பது, சக்கரத்திலிருந்து புகை ஆகியவை இந்த வரிசையில்தான் வரும் என்பதில்லை. எது முதலில் வந்தாலும் அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்துங்கள். கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, முப்பது நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்தோ வெடித்தோ போகலாம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கும் வண்டிகளை நடுவழியில் நிறுத்தி, பிரேக்கின் வெப்பத்தைக் கருவியால் அளந்து, மிகச் சூடாக இருப்பவற்றை ஆறும்வரை காத்திருக்க வைக்கிறார்கள். அந்தச் சாலை 2011 முதல் முழுவதும் தார் போட்டது. தார்ச்சாலைக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால் மண்சாலையில் நமக்கு நாமே அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அரைமணிக்கு ஒரு முறை நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் அதன் அருகே கையைக் கொண்டுபோனால் அடிக்கும் அனலே போதுமான அளவைச் சொல்லும்.

பிரேக் முற்றிலும் போய்விட்டால், பெடலை வேகமாக மீண்டும் மீண்டும் மிதித்துப் பாருங்கள். சில நேரம் அழுத்தம் திரும்பும். அதே வேளையில் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், வேகம் இன்னும் கூடும் முன், மலைச்சுவர்ப் பக்கத்து மண்மேட்டிலோ வடிகாலிலோ வண்டியை உரசவிட்டு நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டு களிமண் வழுக்கத் தொடங்கினால், கீழே போய்விட வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட்டு, மேலிருந்து கல் உருளாத, நீர் பாயாத இடமாகப் பார்த்து நிறுத்திக் காத்திருங்கள். மழை நின்றபின் வெயிலும் காற்றும் மேல்மண்ணை மெல்ல இறுக்கிவிடும். இருட்டிவிட்டால் இரவை வண்டியிலேயே கழிப்பதற்காகத்தான் கம்பளியும் தண்ணீரும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் ஒளி பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும்; லோ பீமும் பனி விளக்கும் மட்டும் போதும்.

அடிவாரத்தை அடைந்ததும் காற்றை வழக்கமான அளவுக்கு நிரப்புங்கள். குனிந்து அடிப்பாகத்தில் ஆயில் சொட்டுகிறதா, டயரின் பக்கச் சுவரில், குறிப்பாக உட்புறத்தில், வெட்டோ வீக்கமோ இருக்கிறதா, டிஸ்க்குக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் சிறுகல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளை ஒரு முறை ஸ்பேனரால் இறுக்கிச் சோதியுங்கள். பிரேக் பெடல் உச்சியில் உணர்ந்ததைவிட மிருதுவாக இருந்தால், ஆறிய பிறகு சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும், நெடுஞ்சாலையில் வேகமெடுக்காமல் மெதுவாக அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் ஆயிலை மாற்றிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.